செவி வழி வந்த திகில்

தொலைக்காட்சி வருமுன் நம் குமரி மாவட்ட இல்லங்களில், மாலைச் செபமாலை முடிந்தபின் இலங்கை வானொலியும், 1963-இல் தோன்றிய திருநெல்வேலி நிலையமும் நாடகங்கள் வழங்கின. கதவு கிறீச்சிடும், காலடியோசை நெருங்கும், எஞ்சியதை நம் அச்சமே படைத்துக்கொள்ளும்.

கடல்கடந்த அமெரிக்காவில் இக்கலையின் சிகரம், லூசில் பிளெச்சர் எழுதி 1943-இல் ஒலிபரப்பான ‘சாரி, ராங் நம்பர்’. படுக்கையில் கிடக்கும் பெண்ணொருத்தி, தொலைபேசி இணைப்புத் தவறியதால் கொலைச் சதியொன்றைக் கேட்க நேர்கிறது. காவல்துறையையும் பிறரையும் மாறிமாறி அழைக்கிறாள். நோயாளியின் பிதற்றலென்றே எண்ணுகின்றனர். கொல்லப்படவிருப்பவள் தானே என்றறியும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரலே ஏறத்தாழ முழு நாடகத்தையும் தாங்கிற்று. கொலைகாரனைவிட, செவிசாய்க்காதவர்களே என்னை அதிகம் அச்சுறுத்தினர். நம் பங்குகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்வோர் அக்குரலை எளிதில் இனங்காண்பர்.