வாக்யூவும் எங்க ஊரு மயிலையும்

லண்டன்ல எந்தக் கொஞ்சம் பெரிய ஹோட்டல் மெனுவை எடுத்தாலும் ஒரு மூலையில "வாக்யூ"ன்னு போட்டிருக்கு. பக்கத்துல இருக்கற விலையைப் பார்த்தா எனக்கு ரெண்டு வாரத்து மளிகைக் கணக்கு ஞாபகம் வந்துரும். சரி, அப்படி என்னதான் இருக்கு அந்த மாட்டுலன்னு படிக்க ஆரம்பிச்சு, கடைசியில காங்கேயத்துல வந்து நின்னேன். இந்தப் பதிவு அதான்.

வான்னா ஜப்பான், க்யூன்னா மாடு. அவ்ளோதான் அர்த்தம். நாலு இனம் இருக்கு, அதுல கருப்புதான் பெருவாரி. எனக்கு ஆச்சரியமா இருந்த விஷயம், இதெல்லாம் கறிக்குன்னு வளர்த்த மாடே இல்லை. வயல் உழவும் பாரம் இழுக்கவும் வச்சிருந்த மாடு. போருக்கு அப்புறம் 1950, 60கள்ல ஜப்பான்ல உழவு மெஷின் வந்ததும் மாட்டுக்கு வேலை போச்சு. அப்ப அவங்க வேற வேலை கண்டுபுடிச்சாங்க. நீண்ட தூரம் தம் கட்டி இழுக்கறதுக்கு உடம்புல இருந்த கொழுப்பு கறிக்குள்ள கோலம் மாதிரி படிஞ்சிருந்தது, அதையே தரம் பிரிச்சு வித்தாங்க. ஒவ்வொரு கன்னுக்கும் மூக்கு ரேகை எடுத்துப் பதிவு பண்றாங்க, நம்ம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கைநாட்டு வைக்கற மாதிரி! 1976-ல நாலு காளை அமெரிக்கா போச்சு. இன்னைக்கு அங்கே குடும்பப் பண்ணைகள்ல மேய்ச்சல்ல விட்டு வளர்க்கறோம், மண்ணையும் காப்பாத்தறோம்னு பெருமையா சொல்லிக்கறாங்க. ஜப்பான்ல பெரும்பாலும் கொட்டாயில கட்டித் தீனி போட்டுத்தான் கொழுக்க வைக்கறாங்கங்கறது வேற விஷயம்.

மண்ணைக் காப்பாத்தற மேய்ச்சலா? அட, அது எங்க ஊர்ல கொறங்காடு ஆச்சே!

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் பஸ்ல போனவங்க பார்த்திருப்பீங்க. ரோட்டோரம் முள்கிளுவை வேலி கட்டின காடு, நடுவுல அங்கங்கே குடை மாதிரி வெள்வேல மரம், கீழே புல்லு. வெளியூர்க்காரங்க தரிசுன்னு நினைச்சுக்குவாங்க. தரிசு இல்லீங்க, பட்டா நிலம். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுத்தி மழை பெய்யற சரளை மண்ணுல வெள்ளாமையை நம்பி உக்காந்தா கடன்தான். அதனால புல்லை விட்டுட்டாங்க. முக்கியமா கொழுக்கட்டைப் புல், வேர் ஆழமாப் போகும், வறட்சி தாங்கும், ஒரு மழை வந்தா தலையைத் தூக்கிரும். ஒரு காட்டுல மேஞ்சு முடிச்சதும் தொட்டியைத் (எங்க பக்கம் படலைத் தொட்டின்னுதான் சொல்வோம்) தொறந்து அடுத்த காட்டுக்கு ஓட்டிட்டு, இதை ஆற விடணும். மாடு மேஞ்ச பின்னாடி செம்மறி. கோடையில புல்லு காஞ்சு போனா வெள்வேலங்காய் இருக்கு ஆட்டுக்கு. சாணியும் புழுக்கையும் அங்கேயே விழுந்துரும். மேற்படிப்புல இதுக்கு "சுழற்சி மேய்ச்சல்"னு ஒரு முழு சாப்டரே இருக்கு.

அந்தக் காட்டுல வளர்ந்ததுதான் காங்கேயம் மாடு. கன்னு செவப்பாப் பொறந்து ஆறு மாசத்துல மயிலையா மாறும், சின்ன வயசுல நான் இதை மேஜிக்னே நம்பிட்டிருந்தேன். இந்த இனத்தைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததுல பழையகோட்டை பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குடும்பப் பண்ணைன்னா அது குடும்பப் பண்ணை! இப்ப குட்டப்பாளையத்துல கார்த்திகேய சிவசேனாபதியோட சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை இந்த மாட்டையும் கொறங்காட்டையும் காப்பாத்தற வேலையைச் செய்யுது.

ஆனா வேலை போன கதை இங்கேயும் அதேதான். கவலை இறைச்ச மாட்டுக்குப் பதிலா கரண்ட் மோட்டார் வந்துச்சு, வண்டிக்குப் பதிலா டெம்போ, ஏருக்குப் பதிலா டிராக்டர். பாலும் கொஞ்சம்தான், சொசைட்டிக்கு ஊத்தறவங்க ஜெர்சி கலப்புக்குப் போயிட்டாங்க. கறிக்குன்னு வளர்க்கறது எங்க பக்கத்து மனசுக்கு ஒத்து வராது. ஆனா கிழடாகி வித்த மாடு எந்த லாரியில ஏறி எந்தப் பக்கம் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். 2017 ஜனவரியில மெரினாவுல கூடின கூட்டத்துக்கு அப்புறம் நாட்டு மாடுன்னா ஒரு மவுசு வந்துச்சு, காளைக்கு விலை ஏறுச்சு. சந்தோஷம்தான். ஆனா பேச்செல்லாம் காளையைப் பத்தி. அது மேயற காட்டைப் பத்தி எவனும் கோஷம் போடலை. காடு இல்லாம காங்கேயத்தைத் தீவனம் வாங்கிப் போட்டு வளர்த்தா கணக்கு உதைக்கும், அதைவிட ஜெர்சியே தேவலைன்னு ஆயிரும்.

இங்கே மனோர் பார்க் ஸ்டேஷனுக்கு எதிர்லயே வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ்னு பெரிய புல்வெளி இருக்கு. 1996 வரைக்கும் அதுல மாடு அவுத்து விட்டு மேஞ்சிருக்கு, தெருவுக்குள்ள வந்து வீட்டுத் தோட்டத்தையெல்லாம் காலி பண்ணுமாம். பைத்திய மாட்டு நோய் வந்தப்ப நிறுத்திட்டாங்க. 1878 சட்டத்துல மேய்ச்சல் உரிமையோட காப்பாத்தின நிலம், அதனால வீடு கட்ட விடலை, இன்னும் புல்லாவே இருக்கு. எப்பிங் காட்டுப் பக்கம் இப்ப லாங்ஹார்ன் மாடு விட்டு மேய்க்கறாங்க. அதுவும் ஒரு காலத்துல ஏர் இழுத்த மாடுதான். கழுத்துல ஜி.பி.எஸ். பட்டை, எல்லை தாண்டினா சத்தம் போடும், அப்பவும் கேக்கலைன்னா லேசா ஷாக். கிளுவை வேலிக்கு இங்கிலீஷ்காரன் வெர்ஷன்!

மாமாகிட்ட போன்ல இதைச் சொன்னேன். "மாட்டுக்கு ஷாக்கா? நல்லா இருக்குது போங்க மாப்ள"ன்னு சிரிச்சார். அவருக்கு நாலு ஏக்கர் கொறங்காடு. பக்கத்துக் காடு போன வருஷம் கைமாறி, கிளுவையைப் புடுங்கிட்டுக் கம்பி வேலி போட்டாச்சு, தேங்காய்க் களம் வருதாம். இவர்கிட்டயும் கேட்டிருக்காங்க. "ஏனுங் மாமா, குடுத்துருவீங்களா?"ன்னேன். "ரெண்டு மாடு இருக்குதல்லோ"ன்னார். குடுப்பேன்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. மழைக்கு முன்னாடி அவர் பக்கம் புதுசா கிளுவைக் குச்சி நட்டிருக்கார்னு அத்தை சொல்லித்தான் தெரியும்.

காங்கேயம், வெள்ளகோயில் பக்கத்துப் பதிவர்கள் யாராச்சும் இருந்தா, கொறங்காடு இப்ப ஏக்கருக்கு என்ன குத்தகைக்குப் போகுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. மாமாகிட்ட கேட்டா பேச்சை மாத்தறார்.