மணிக்கட்டு முறிந்த முதியவருக்கு அறுவைச் சிகிச்சை அவசியமா?



தொரப்பள்ளிப் பக்கத்திலிருந்து எழுபது வயது கடந்த ஒரு தாயாரை மகன் அழைத்து வந்தார். ஈர வாசலில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருந்தார்கள். மணிக்கட்டு வீங்கிக் கோணியிருந்தது. மகன் என்னைத் தனியே அழைத்து, “ஐயா, பிளேட் வைக்கணும்னா நகையை அடகு வச்சாவது செஞ்சிடறேன். வெறும் மாவுக்கட்டோட விட்டா அம்மா கை வீணாயிடுமா?” என்று கேட்டார்.

இதே பயம் பல குடும்பங்களில் உண்டு. மருத்துவர்கள் கூறும் பதிலை எளிய வார்த்தைகளில் தருகிறேன்.

இவ்வாறு விழும்போது பெரும்பாலும் முறிவது, பெருவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் கீழ்முனை. 1814-ல் டப்ளின் நகர மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இதை விவரித்தார். எக்ஸ்ரே வந்ததோ 1895-ல்தான். கோணல் நிலைத்துவிட்டாலும் நாளடைவில் வலி நீங்கிக் கை நன்றாக இயங்கும் என்று அவர் அன்றே எழுதினார்.

இன்று முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பை இழுத்து நேராக்கி, ஐந்தாறு வாரம் மாவுக்கட்டு போடுவது. மற்றொன்று, அறுத்து உலோகப் பிளேட்டும் திருகாணிகளும் பொருத்துவது.

எது மேல்? ஆஸ்திரியாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 73 பேரை இருவிதமாகவும் குணப்படுத்திப் பார்த்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பிளேட் வைத்தவர்கள் முதல் சில மாதங்களில் சற்று விரைவாகத் தேறினார்கள். அவர்களுடைய எக்ஸ்ரே நேராக இருந்தது, பிடிபலமும் அதிகம். ஆனால் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். ஒரு வருடம் கழித்து வலியிலும் அன்றாட வேலையிலும் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. 2021-ல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வும் 60 வயது கடந்தவர்களிடம் ஏறக்குறைய இதையே கண்டது.

ஆகவே முதியவருக்கு மாவுக்கட்டு போடுவது ஏழைக்கான குறைந்த வைத்தியம் அல்ல. ஆனாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும் வேளைகள் உண்டு. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தாலும், விரல்கள் மரத்துப்போய்த் தெளியாவிட்டாலும், நேராக்கிய எலும்பு நிற்காமல் மிகவும் விலகினாலும் தாமதிக்கக் கூடாது. முதிர்ந்த வயதிலும் ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவருக்குப் பிடிபலம் முக்கியம். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கட்டுப் போட்டவுடன் காரியம் முடிந்துவிடாது. 2022-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மாவுக்கட்டு போட்ட எட்டுப் பேரில் ஒருவருக்கு ஆறு வாரத்துக்குள் எலும்பு விலகி அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. எனவே மருத்துவர் சொன்ன நாளில் மறுபடியும் எக்ஸ்ரே எடுப்பது அவசியம்.

நம் எல்லைப் பகுதியில் புத்தூர் கட்டை நாடுவோர் பலர். எந்தக் கட்டானாலும், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள்.

விழுந்தவுடன், வீங்குவதற்கு முன்பே, வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். கட்டுப் போட்ட நாள் முதல் விரல்களை மடக்கி நீட்டச் செய்யுங்கள், தோளையும் அசைக்கட்டும். பயந்து அசையாமல் வைத்திருந்தால் விரல்கள் இறுகிவிடும்.

இன்னொன்று. நின்ற இடத்தில் விழுந்தே எலும்பு முறிந்தால், எலும்பு பலமிழந்துவிட்டது என்பதற்கு அது எச்சரிக்கை. அடுத்த முறை முறிவது இடுப்பாக இருக்கலாம். எலும்பைப் பலப்படுத்தும் மருந்து பற்றிக் கேளுங்கள். கேழ்வரகும் பாலும் கொடுங்கள். இராத்திரியில் குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

அந்தத் தாயாருக்கு மாவுக்கட்டே போதும் என்றார் மருத்துவர். மணிக்கட்டில் சிறு கோணல் இருக்கிறது. ஆனாலும் இன்று அவர்கள் தன் கையாலேயே களி கிண்டுகிறார்கள். நகை அடகுக் கடைக்குப் போகவில்லை.

உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைச் சாப்ளின்