கட்டி தட்டாமல் கலக்குவது எப்படி?

கேழ்வரகுக் கூழ் காய்ச்சியவர்களுக்குத் தெரியும், கை கொஞ்சம் அசந்தால் மாவு கட்டி தட்டிவிடும். மருந்தைச் சுமக்கும் கொழுப்பு நானோ துகள்களைப் பற்றி சில மாதமா படிச்சுக்கிட்டிருக்கேன். அங்கேயும் இதே தலைவலிதான்.

ஆர்.என்.ஏ.வை அப்படியே ரத்தத்தில் விட்டால் நொதிகள் சிதைத்துவிடும். அதனால் கொழுப்புக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் இப்படித்தான் கல்லீரலுக்குப் போகிறது. பழுதான புரதம் நரம்புகளில் படிந்து, நடக்கவே முடியாமல் செய்துவிடும் ஒரு பரம்பரை நோய்க்கான மருந்து அது. துகள் சுமார் 100 நானோமீட்டருக்குள் இருப்பது நல்லது. ரொம்பப் பெரிசானால் கல்லீரலின் நுண்ணிய ரத்தநாளத் துளைகளைத் தாண்டாது.

செய்முறை எளிதுதான். கொழுப்புகளை எத்தனாலில் கரைக்கணும், ஆர்.என்.ஏ.வை அமிலத்தன்மையுள்ள நீரில். இரண்டையும் கலந்தால் கொழுப்பு கரைந்திருக்க முடியாமல் ஒன்றுசேரும். அமிலத்தில் நேர்மின்னூட்டம் பெறும் ஒருவகைக் கொழுப்பு, எதிர்மின்னூட்டமுள்ள ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும். கலக்குவது மெதுவானால் துகள்கள் கண்டபடி வளரும். மில்லி செகண்டுகளில் கலந்தால் சிறிதாக, ஒரே அளவாக வரும்.

சரி, மயிரிழை அளவுக் குழாயில் விட்டால் தானாகக் கலந்துவிடும் என்றுதான் நானும் நினைச்சேன். தப்பு! அவ்வளவு சின்ன இடத்தில் நீர் சுழலாது. இரண்டு ஓட்டமும் ரயில் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போகும். மூலக்கூறுகள் ஊர்ந்து போய்க் கலந்தால்தான் உண்டு.

இதற்கு ஹார்வர்டில் 2002இல் ஒரு வழி கண்டார்கள். குழாயின் தரையில் மீன்முள் வடிவில் பள்ளங்கள் செதுக்கினால், பரோட்டா மாவை மடிப்பதுபோல ஓட்டம் மடிந்து மடிந்து அடுக்குகள் மெலியும். தூரம் பாதியானால், ஊர்ந்து கலக்கும் நேரம் கால்வாசியாகும். வான்கூவரில் பீட்டர் கல்லிஸ் குழுவினர் 2012 வாக்கில் இதையே நானோ துகள்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள்.

நிறைய மருந்து வேணும்னா குழாயைப் பெரிசாக்கலாமே? கூடாது. தூரம் மாறினால் துகளின் அளவும் மாறிவிடும். பெரிய சர்வருக்குப் பதிலா சின்ன சர்வர்களை வரிசையா நிறுத்துவோமில்லையா, அப்படிப் பல குழாய்களை இணையாக ஓட்டணும். எல்லாவற்றிலும் ஓட்டம் சமமாகப் பிரியணும். ஒன்று அடைத்தாலும் மற்றதில் வேகம் மாறி, துகளின் அளவு கெடும். நம்ம லோடு பேலன்சிங் சிக்கலேதான். அதை அடுத்த பதிவில் பார்ப்போம்.