மகளை மீண்டும் பாடசாலையில் சேருங்கள்

டயகமவுக்குத் திரும்பும் பெற்றோருக்கு: இடம்பெயர்ந்தபோது மகளின் படிப்பு நின்றிருந்தால், முதலில் பாடசாலை அதிபரைச் சந்தியுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். அரச பாடசாலையில் கல்வியும் பாடநூலும் இலவசம்.

கையில் காசில்லாத இந்த நேரத்தில், பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குக் கேட்டுத் தரகர்கள் வரலாம். இணங்காதீர்கள். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 16 வயதுக்குக் குறைந்தவரை வீட்டு வேலைக்கு அமர்த்துவது சட்டவிரோதம். வற்புறுத்தினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 இல் அழையுங்கள்.

படித்த பெண் நாளை மலையில் கொழுந்து பறித்தாலும், சம்பளத் துண்டைத் தானே வாசிப்பாள். விழுந்தது முழுப் பேரா அரைப் பேரா, ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் பங்கு 8 வீதமும் தோட்டத்தின் பங்கு 12 வீதமும் சேர்ந்தனவா என்று துணிந்து கேட்பாள்.