கலியாணப் பத்திரிகை வாங்குதல்

மணவினை நிகழவிருக்கும் இல்லத்தினின்று உற்றார்பால் முதற்கண் செல்லும் தூது கலியாணப் பத்திரிகையேயாம். அதனைத் தெரிந்து வாங்குதற்கும் சிறிது அறிவு வேண்டும் என்பதை, எம் தமக்கையாரின் மணத்தின்பொருட்டு அன்னையாருடனும் அம்மானுடனும் சென்னைப் பாரிமுனையை அடுத்த ஆண்டர்சன் தெருவிற்குச் சென்றபொழுது உணர்ந்தோம். தாளும் பத்திரிகையும் விற்கும் கடைகள் நெருங்கிய தெரு அது.

கடையினுள் அட்டைகள் பிள்ளையார், சிலுவை, பிறை என்னும் அடையாளங்களுக்கேற்ப அடுக்கப்பட்டிருந்தன. கண்ணைக் கவரும் பொன்வரிகளுக்கு முன் நோக்கற்பாலது தாளின் கனம். 1 சதுர மீட்டர் தாளின் நிறையைக் கிராமிற் கூறுதலே ஜி.எஸ்.எம். என்னும் அளவு. எழுதும் தாள் பெரும்பாலும் 70 அல்லது 80 அளவினது. 300 அளவுள்ள அட்டையோ விறைப்பாய் நிற்கும்.

அடுத்தது அச்சு. ஆப்செட் முறையில் தகடு செய்யும் செலவு 100 பத்திரிகைக்கும் 500 பத்திரிகைக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் தொகை மிக மிக, ஒன்றன் விலை குறையும். பின்னர் 50 மட்டும் மீண்டும் அடிப்பிக்கின், அச்செலவு முழுதும் அவற்றின்மேல் விழும். எனவே ஆட்களை எண்ணாது இல்லங்களை எண்ணி, விடுபட்டோர்க்கெனச் சில கூட்டி, ஒருமுறையே அடிப்பித்தல் நன்று. பெயரெழுதுங்கால் பிழை நேருமாதலின், உறைகள் இன்னுஞ் சில மிகுதியாய் வேண்டும்.

எல்லாவற்றினும் கருத்தாய் நோக்கற்பாலது புரூப். நாளும் கிழமையும் ஒத்துள்ளனவா, ணகர னகரங்களும் லகர ளகரங்களும் மயங்கினவா என ஒருவர் படிக்க மற்றொருவர் ஒப்பிடல் வேண்டும். ஒப்புதல் தந்தபின் காணும் பிழை நம்முடையதே.

எமக்கு வந்த புரூப்பில் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆயினும் அழைப்போர் என்னுமிடத்தில் அம்மான் பெயரே நின்றது. எம் தந்தையார் மறைந்து 6 ஆண்டுகளாயின; கைம்பெண்ணின் பெயரை அவ்விடத்து இடுவதில்லை என்பது கடைக்காரர் அறிந்த வழக்கு. அன்னையார் இருமுறை படித்து, "சரியாய்த்தான் இருக்கிறது" என்று தாளை மடித்தார். அம்மான் அதனை வாங்கித் தம் பெயரை அடித்தார். "அக்கா, பெற்று வளர்த்த நீங்கள் இருக்க நான் அழைப்பதா?" என்று கூறி, அன்னையார் பெயரை அவ்விடத்தில் எழுதினார்.

கடைக்காரர்க்கு அஃது ஒரு வரித் திருத்தமே. பத்திரிகைகள் வந்த அன்று முதல் உறையின்மேல் அன்னையார் தம் கையாலேயே எழுதியது அம்மானின் பெயர்.

தாளையும் பொன்வரியையும் தெரிவதற்கு முன், அழைப்பவர் யார் என்பதை இல்லத்திலேயே தெளிந்து செல்லுதல் வேண்டும். எமக்கு அது கடையிலேதான் தெளிந்தது.