தலைவரை எப்போது இறக்கலாம்? தென் கொரிய மக்கள் காட்டிய வழி



'பிரசிடெண்ட்' என்றாலே நமக்குப் பஞ்சாயத்துத் தலைவர்தான் ஞாபகத்துக்கு வருவார். நாட்டுக்கே பிரசிடெண்டாக இருப்பவரை ஜனாதிபதி என்கிறோம். நம் நாட்டில் ஆட்சியை நடத்துவது பிரதமரும் மந்திரிகளும். தென் கொரியாவில் அப்படி இல்லை. அங்கே ஜனாதிபதியை மக்களே நேராக ஓட்டுப் போட்டு 5 வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆட்சி அதிகாரமும் அவர் கையில்தான்.

அந்த 5 வருஷத்துக்குள் அவர் பெரிய தப்பு செய்தால் என்ன செய்வது? அடுத்த தேர்தல் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அதற்குத்தான் 'பதவி நீக்கத் தீர்மானம்' என்ற வழி இருக்கிறது. 2004, 2016, 2024 என்று மூன்று முறை அங்கே ஜனாதிபதி மேல் இந்தத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு பேர் பதவி இழந்தார்கள். ஒருவர் பதவிக்குத் திரும்பி வந்தார். ஏன் இந்த வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால் நமக்கும் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தென் கொரியப் பாராளுமன்றத்தில் இப்போது 300 உறுப்பினர்கள். ஜனாதிபதியை நீக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 200 ஓட்டு வேண்டும். தீர்மானம் நிறைவேறியதும் அவருடைய அதிகாரம் நிறுத்தி வைக்கப்படும். ஆனால் வேலை அதோடு முடியாது. அரசியல் சட்ட நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் விசாரிக்கும். மொத்தம் 9 நீதிபதிகள். குறைந்தது 6 பேர் ஒப்புக்கொண்டால்தான் பதவி போகும். போனால் 60 நாளுக்குள் புதுத் தேர்தல்.

தப்பு இருந்தால் மட்டும் போதுமா?

2004-ல் ஜனாதிபதியாக இருந்தவர் ரோ மூ ஹியூன். பொதுத்தேர்தல் நேரத்தில் ஒரு கட்சிக்கு ஆதரவாகப் பேசிவிட்டார். நடுநிலை தவறிவிட்டார் என்று சொல்லி எதிர்க்கட்சிகள் 193 ஓட்டுப் போட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றின. 'இது நியாயம் இல்லை' என்று ஜனங்கள் மெழுகுவர்த்தி ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் அவரை ஆதரித்த கட்சியே ஜெயித்தது. மே 14 அன்று நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இதுதான்: சட்டத்தை மீறியது உண்மை, ஆனால் பதவியைப் பறிக்கும் அளவுக்குப் பெரிய மீறல் இல்லை. ரோ திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்தது பார்க் குன் ஹே. அந்த நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி. எந்தப் பதவியும் இல்லாத தன் தோழி சோய் சூன் சில் அரசாங்கக் காரியத்தில் தலையிட இடம் கொடுத்தார். ரகசியக் காகிதங்கள் அந்தத் தோழி கைக்குப் போயின. பெரிய கம்பெனிகளிடம் அறக்கட்டளை பெயரில் பணம் வாங்கப்பட்டது. விஷயம் வெளியே வந்தபோது மூடி மறைக்கப் பார்த்தார். 2016 டிசம்பர் 9-ல் 234 பேர் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். 2017 மார்ச் 10-ல் 8 நீதிபதிகளும் ஒரே முடிவாக அவரை நீக்கினார்கள். (அப்போது ஒரு இடம் காலி.)

அந்தத் தீர்ப்பை வாசித்தவரும் ஒரு பெண்தான். நீதிபதி லீ ஜங் மி அன்று காலை அவசரத்தில் தலைமுடியில் சுற்றிய இரண்டு சுருளைக்கூட எடுக்க மறந்து கோர்ட்டுக்கு வந்துவிட்டார். வேலைக்கு ஓடுகிற பெண்கள் எல்லோருக்கும் அந்தப் படம் பிடித்துப்போனது.

ஒன்றைக் கவனியுங்கள். 2014-ல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்று பார்க் சரியாகச் செயல்படவில்லை என்பது பெற்றவர்களின் ஆறாத வேதனை. ஆனால் நீதிமன்றம் அதைப் பதவி நீக்கத்துக்குக் காரணமாக ஏற்கவில்லை. மனசு எவ்வளவு கொதித்தாலும், சட்டத்துக்குமுன் நிற்கிற காரணம் வேறு என்று இதில் தெரிகிறது.

மூன்றாவது யூன் சுக் யோல். 2024 டிசம்பர் 3 ராத்திரி திடீரென்று ராணுவச் சட்டம் என்று அறிவித்தார். பாராளுமன்றத்துக்குப் பட்டாளத்தை அனுப்பினார். ஜனங்கள் வாசலில் திரண்டார்கள். உறுப்பினர்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய், வந்திருந்த 190 பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். விடிவதற்குள் அவர் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 4-ல் 8 நீதிபதிகளும் சேர்ந்து அவரை நீக்கினார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்?

1. விடாமல் கூடினார்கள். 2016 அக்டோபர் கடைசியில் தொடங்கி சனிக்கிழமை தோறும் மெழுகுவர்த்திக் கூட்டம். குழந்தைகளோடு குடும்பமாக வந்தார்கள். டிசம்பர் 3 அன்று மட்டும் நாடு முழுவதும் 23 லட்சம் பேர் என்பது ஏற்பாட்டாளர்கள் கணக்கு.

2. அமைதி காத்தார்கள். கல்லெறி, தீவைப்பு என்று போயிருந்தால் பேச்சு அதைப் பற்றியே ஆகியிருக்கும்.

3. ஓட்டுப் போடுகிறவரைப் பிடித்தார்கள். 2024 டிசம்பர் 7-ல் ஆளுங்கட்சிக்காரர்கள் பலர் வெளிநடப்பு செய்ததால் 195 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள், தீர்மானம் விழுந்தது. ஜனங்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. தங்கள் எம்.பி.க்களை வாரம் முழுக்கக் கேள்வி கேட்டார்கள். டிசம்பர் 14-ல் ஆளுங்கட்சியிலிருந்தும் சிலர் மனம் மாறி 204 ஓட்டு கிடைத்தது.

4. ஒருவருக்கு ஒருவர் துணை நின்றார்கள். வர முடியாதவர்கள் பக்கத்துக் கடைகளில் முன்பணம் கட்டி, வருகிறவர்களுக்கு டீ, சாப்பாடு கிடைக்கச் செய்தார்கள். டிராக்டரில் வந்த விவசாயிகளை சியோல் எல்லையில் போலீஸ் மறித்தபோது, முன்பின் தெரியாத இளம் பெண்கள் உறைகிற குளிரில் விடிய விடிய அவர்களோடு நின்றார்கள். மறுநாள் வழி திறந்தது.

நம் நாட்டில்?

அரசியல் சட்டத்தை மீறினால் நம் குடியரசுத் தலைவரையும் பாராளுமன்றம் நீக்கலாம் என்று 61-வது பிரிவு சொல்கிறது. இதுவரை யாரும் அப்படி நீக்கப்பட்டதில்லை. பஞ்சாயத்துத் தலைவருக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் 205-வது பிரிவு இருக்கிறது. அவரிடம் விளக்கம் கேட்காமல் கலெக்டர் அவரை நீக்க முடியாது.

நம் குழுவுக்கும் இதே நியாயம்தான். ஊக்குநரைப் பிடிக்கவில்லை, அவர் வேறு தெரு, நம்மை மதிக்கவில்லை என்பதெல்லாம் அவரை நீக்கக் காரணம் ஆகாது. குழுப் பணத்தை எடுத்துக்கொண்டார், பாஸ்புக்கைக் காட்ட மறுக்கிறார், தீர்மான நோட்டில் இல்லாத கடனைக் கொடுத்தார் என்றால் அது காரணம். பெண் என்பதற்காகப் பார்க்கை யாரும் விட்டுவிடவில்லை. பெண் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பதவியிலிருந்து தள்ளுவதையும் நாம் விடக்கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

* செய்தது பெரிய தப்பா, சின்னத் தப்பா என்று எப்படி முடிவு செய்வது?
* அதற்கு நோட்டில், ரசீதில் என்ன ஆதாரம் இருக்கிறது?
* குற்றம் சாட்டப்பட்டவர் பேச வாய்ப்புக் கொடுத்தோமா?
* யார் யார் சம்மதித்தால் முடிவு செல்லும் என்று நம் குழு விதியில் எழுதியிருக்கிறதா? எழுதாமல் இருந்தால் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.