பாட்டியின் சொல்லுக்கு ஓர் அகப்பக்கம்

யூஎஸ்ஜே. சுபாங் ஜெயாவில் வசிப்பவர்கள் அன்றாடம் சொல்லும் மூன்று எழுத்துகள். வீட்டு முகவரியில் இருக்கிறது, எல்ஆர்டி நிலையத்தின் பெயரில் இருக்கிறது. அதன் விரிவு யூஇபி சுபாங் ஜெயா. யூஇபி என்பது இந்த வீடமைப்புப் பகுதியை எழுப்பிய நிறுவனத்தின் சுருக்கப் பெயர்: யுனைடெட் எஸ்டேட்ஸ் புராஜெக்ட்ஸ். அதன் நடுவில் ‘எஸ்டேட்’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது.

இந்த நகரம் எழுந்த நிலம் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1970-களில் வீடுகள் வரத் தொடங்கின. 2020 அக்டோபரில் மாநகர்த் தகுதியும் கிடைத்துவிட்டது. சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்றும் பழைய பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்தத் தோட்டத்திலும் நாட்டின் மற்றத் தோட்டங்களிலும் நம்மவர்கள் பேசிய தமிழ் எங்கே நிற்கிறது?

பெரட்டு, மங்கு, கித்தா, சடக்கு, தீம்பார், கிராணி, அல்லூறு. எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் இந்த ஏழு சொற்களைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு சொல்லுக்குப் பொருள் வந்தாலே பெரிது. பொழுது விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நின்றுபோனது. பிறகு அந்தச் சொல்லுக்கு வீட்டில் என்ன வேலை?

மொழியியல் படிக்கும் மாணவருக்கோ அங்கேதான் வேலை தொடங்குகிறது. பெரட்டு என்பது ஆங்கிலப் பரேட். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே சொல் உண்டு. கடல் கடந்த இரண்டு நாடுகளில் ஒரே சொல் எப்படி வழங்கியது? கித்தா என்பது மலாய் ‘கெத்தா’. நாம் வாங்கியது மட்டுமல்ல, கொடுத்ததும் உண்டு. மலாய்க்காரர் சொல்லும் கெடாய் நம் கடை, காப்பால் நம் கப்பல், மோடால் நம் முதல். சில சொற்கள் எளிதில் பிடிபடுவதில்லை. ரப்பர் பால் வடியும் மங்கு, மலாய் ‘மங்கோக்’கிலிருந்து வந்ததா, அல்லது பீங்கான் கிண்ணத்தை மங்கு என்று சொல்லும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததா? இதைத் தேடிப் பிடிக்க அந்தச் சொல்லைப் பேசியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுக் குறிக்க வேண்டும்.

சொல் போனால் என்ன, கோயிலும் திருவிழாவும் இருக்கின்றனவே என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். மலாக்காவுக்குப் போய்ப் பாருங்கள். மலாக்கா செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. சமயத்தை விடவில்லை, பொங்கலை விடவில்லை. வீட்டில் பேசுவது மட்டும் மலாய்மொழி வழக்கு ஆகிவிட்டது. மொழி யாரையும் கேட்டுக்கொண்டு போவதில்லை.

இந்த நாட்டில் தமிழைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வழி இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உண்டு. தனிநாயகம் அடிகளார் பணியாற்றிய துறை அது. 1966-இல் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடக்க முன்னின்றவர் அவர். அதே பல்கலைக்கழகத்தில் மொழியியல் புலமும் உண்டு. இருந்தாலும் பிள்ளை மொழியியல் எடுக்கிறேன் என்றால், “இதைப் படிச்சு என்னா வேலைக்குப் போவ?” என்ற கேள்விதான் வீட்டில் முதலில் வருகிறது. நியாயமான கேள்வி. மொழிபெயர்ப்பு, அகராதி, ஆசிரியப்பணி, கைப்பேசியில் பேச்சை எழுத்தாக மாற்றும் தொழில்நுட்பம் என்று பதில்கள் இருக்கின்றன. ஆனால் பட்டச் சான்றிதழ் மட்டும் காட்டினால் எவரும் நம்புவதில்லை. இவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம்தான் மாணவரின் சொந்த அகப்பக்கம். ஆடம்பரம் எதுவும் தேவையில்லை. அறிமுகம் இவ்வளவு இருந்தால் போதும்: “நான் மொழியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், நண்பர்களிடம் ஆங்கிலம். தோட்டத்தில் பிறந்தவர்களின் சொற்களைத் தொகுக்கிறேன். இதுவரை 40 சொற்கள்.” நான்கு வரிகள். அவர் யார், என்ன தெரியும், எதில் அக்கறை என்பது மூன்றும் தெரிந்துவிடுகிறது. அதன் கீழே அந்த 40 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள், ஒலிக்கும் விதம், எந்த வட்டாரத்தில் கேட்டது, பேசியவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே ஒரு வாக்கியம். ஓர் ஆய்வாளருக்கோ, வெளிநாட்டுப் பேராசிரியருக்கோ இதைவிட நல்ல அறிமுகக் கடிதம் இல்லை.

எளிமை அழகுக்காக மட்டும் அல்ல. 1991-இல் டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட உலகின் முதல் இணையத்தளத்தில் படம் இல்லை, வண்ணம் இல்லை. எழுத்தும் இணைப்பும்தான். அதை இன்றும் எந்தக் கைப்பேசியிலும் படிக்கலாம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் இடம் பிடிக்கும். ஆயிரம் சொற்கள் எழுதினாலும் ஏறத்தாழ 30 கிலோபைட்தான் ஆகும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பழைய கைப்பேசி வைத்திருக்கும் தாத்தாவும் திறந்து பார்க்கலாம்.

இணையத்தில் தமிழ் எழுத நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார், 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினத்தைக் கொண்டுவந்தார். ஆப்பிள் கணினியில் ‘தமிழ் சங்கம் எம்என்’ என்றொரு எழுத்துரு வரும். எம்என் என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள்.

அந்தத் தொடக்க காலத்துக்கு ஒரு தலைவலியும் உண்டு. தளத்துக்குத் தளம் வெவ்வேறு எழுத்துரு. அது கணினியில் இல்லையென்றால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத குறிகள் நிறைந்திருக்கும். பல பக்கங்கள் அப்படியே பயனற்றுப் போயின. 1998-இல் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் மட்டும் எப்படித் தப்பின? அலங்காரம் இல்லாத எழுத்துக் கோப்புகளாக இருந்ததால் யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. இன்றும் படிக்கிறோம். ஆகவே மாணவர்கள் யூனிகோடில் எழுத வேண்டும், பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்க வேண்டும். பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் கருவி அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தமிழில் வாசிக்கும்.

இரண்டு எச்சரிக்கை. அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, குடும்பத்தார் பெயர் எதையும் பக்கத்தில் போடாதீர்கள். அடுத்தது, பெரியவர்களின் குரலைப் பதிவு செய்வதற்கு முன் எதற்காக என்று சொல்லி அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சொல்லைக் கையால் எழுதிக்கொண்டாலும் போதும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பம் ஒன்றுகூடிப் பசியாறும்போது, காலையில் பால்மரம் வெட்டப் போகையில் என்னென்ன எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வார். பக்கத்தில் பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரட்டும்.